கின்ஷாசாவில் பாட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள்: காங்கோ ரும்பா பற்றிய நிகழ்வு ஆய்வு

1984 ஜூலை இறுதியில் ஜாயிரே நாட்டில், அதாவது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், அதிபர் தேர்தல் நடந்தது. வேட்பாளர் ஒருவரே. ஏறத்தாழ 19 ஆண்டுகளாக ஆட்சியில் இருந்த மொபுட்டு செசே செகோதான் அவர். எதிராளி இல்லாத அந்தத் தேர்தலுக்கும் ஒரு பிரசாரப் பாட்டு தேவைப்பட்டது. காங்கோ ரும்பா என்ற நடன இசையில் நாட்டின் மிகப் பெரிய கலைஞரான ஃப்ராங்கோ லுவாம்போ மக்கியாடி தம்முடைய ஓ.கே. ஜாஸ் குழுவுடன் அதைப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டார். ‘கண்டிடா நா பிசோ மொபுட்டு’, அதாவது ‘நம் வேட்பாளர் மொபுட்டு’ என்பது அதன் பெயர். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1978இல், இதே ஆட்சி இதே ஃப்ராங்கோவை ஆபாசப் பாடல் பாடியதாகச் சொல்லிச் சிறையில் அடைத்திருந்தது. அதற்கும் முன்பு, 1960களில், அவருடைய இசைத்தட்டு ஒன்று விற்பனையிலிருந்து பறிக்கப்பட்டிருந்தது.

இதைப் பார்ப்பவர்கள் இரண்டில் ஒரு முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறார்கள். ஃப்ராங்கோ அஞ்சிப் பணிந்தார் என்பார்கள், அல்லது காசுக்காகத் துதி பாடினார் என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒரு தனி மனிதரின் குணத்தை எடைபோடுவதோடு நின்றுவிட்டால் விஷயம் நம் கையைவிட்டு நழுவிவிடும். கடந்த முக்கால் நூற்றாண்டாகத் தலைநகர் கின்ஷாசாவில் பாட்டைக் கேட்டு ரசித்தவர்கள் கோடிக்கணக்கானோர். ஆனால் பாட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அவர்கள் அல்லர். வியாபாரி, மதுபான ஆலை, அரசு, பெயர் வாங்க வந்த செல்வந்தர் என்று கொடுத்தவர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் மாற மாறப் பாட்டின் வடிவமும், பாட்டுக்குள் ஒலிக்கும் பெயர்களும், பாட்டின் நீளமும்கூட மாறின. இந்த ஆய்வு அந்தப் பணத்தின் தடத்தைப் பின்தொடர்கிறது.

மதுக்கடையும் ஒலிப்பதிவுக் கூடமும்

பெல்ஜியக் காலனி ஆட்சியில் லியோபோல்ட்வில் என்று அழைக்கப்பட்ட கின்ஷாசாவில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒலிப்பதிவுத் தொழிலைத் தொடங்கியவர்களில் முன்னோடிகள் கிரேக்க வியாபாரிகள். 1948இல் நிக்கோலஸ் ஜெரோனிமிடிஸ் ‘ங்கோமா’ நிறுவனத்தைத் தொடங்கினார். வெண்டோ கொலோசோய் பாடிய ‘மரி-லூயிஸ்’ அந்த முத்திரையில்தான் வந்து, காங்கோவின் முதல் பெரும் வெற்றிப் பாடல் ஆனது. பாப்பாடிமிட்ரியூ நடத்திய ‘லோனிங்கிசா’ கூடத்தில் 1953இல் பதின்ம வயதுக் கிட்டார் கலைஞராகச் சேர்ந்தவர் ஃப்ராங்கோ. இசைக் கருவிகள் நிறுவனத்தின் உடைமை. கலைஞர்களுக்குக் கிடைத்தது கூலி.

பதிவுக் கூடத்துக்கு வெளியே பிழைப்பு மதுக்கடையில்தான் இருந்தது. ஓ.கே. ஜாஸ் என்ற பெயரே 1956இல் அந்தக் குழு வாசித்துவந்த ஓ.கே. பார் என்ற மதுக்கடையோடு இணைந்தது. இசைக்குழு வாசித்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பீர் விற்கும், பீர் விற்றால் குழுவுக்குப் பணம் கிடைக்கும். 1920களிலிருந்தே நகரில் ‘ப்ரிமஸ்’ பீர் காய்ச்சிவந்த ப்ரலிமா ஆலைக்கு இசையின் வணிகப் பயனை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பீருக்கும் ரும்பாவுக்கும் இடையிலான இந்தக் கணக்கு இன்றுவரை அறுபடவில்லை. ஆட்சிகள் கவிழ்ந்தபோதும், நாட்டின் பெயரும் நாணயமும் மாறியபோதும் கலைஞர்களைக் கைவிடாத ஒரே முதலாளி பீர் ஆலை என்பது என் மதிப்பீடு.

விடுதலையின் வாசலில் ஒரு விதிவிலக்கு நிகழ்ந்தது. 1960இன் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் வட்டமேசை மாநாடு நடந்தபோது, ஜோசஃப் கபசெலெயின் ஆஃப்ரிக்கன் ஜாஸ் குழு அங்கே சென்று ‘இந்தெபெந்தான்ஸ் சா சா’ என்ற பாடலை அரங்கேற்றியது. மாநாட்டில் கலந்துகொண்ட தலைவர்களின் பெயர்களையும் கட்சிகளின் பெயர்களையும் அந்தப் பாடல் வரிசையாகச் சொல்கிறது. பிற்காலத்தில் காங்கோ இசையில் பெயர் சொல்வது ஒரு வியாபாரமாகவே ஆனது என்பதால் இதை நினைவில் கொள்ள வேண்டும். இந்தப் பாடலில் வரும் பெயர்கள் விலைக்கு வாங்கப்பட்டவை அல்ல. ஒரு நாட்டின் விடுதலையைப் பேசி முடிக்க ஒரே மேசையில் அமர்ந்தவர்களின் பெயர்கள்.

அரசு வாங்கிய தாளம்

1965 நவம்பர் 24 அன்று மொபுட்டு ராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்தார். 1966 ஜூன் 2 அன்று, சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் பிரதமர் எவாரிஸ்த் கிம்பாவும் வேறு மூன்று முன்னாள் அமைச்சர்களும் கின்ஷாசாவின் பொதுவெளியில், பல்லாயிரக்கணக்கானோர் பார்த்திருக்கத் தூக்கிலிடப்பட்டார்கள். இன்றைய தியாகிகள் விளையாட்டரங்கம் அவர்கள் நினைவாகவே அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் காலத்தில் ஃப்ராங்கோ வெளியிட்ட ‘லுவும்பு ந்தோக்கி’ என்ற பாடல், தன் சொந்த மக்களையே பலி கொடுக்கும் ஒரு தலைவனைப் பற்றிய பழங்கதை. பாட்டில் மொபுட்டுவின் பெயர் இல்லை. ஆனாலும் கேட்டவர்களுக்குப் பொருள் புரிந்தது, காவல் துறைக்கும் புரிந்தது. இசைத்தட்டுகள் பறிமுதல் செய்யப்பட்டன. ஃப்ராங்கோ ஆற்றைக் கடந்து, அக்கரையிலுள்ள மற்றொரு காங்கோ நாட்டின் தலைநகரான பிராஸாவிலுக்குப் போய்ச் சிறிது காலம் ஒதுங்கியிருந்தார்.

தண்டனையால் மட்டும் கலைஞர்களைத் தன் பக்கம் வைத்திருக்க முடியாது என்பதை மொபுட்டு விரைவிலேயே உணர்ந்துகொண்டார். அவர் அடுத்துச் செய்தது தடைகளைவிட வலிமையானது. 1971 அக்டோபரில் நாட்டின் பெயர் ஜாயிரே ஆயிற்று. அதைத் தொடர்ந்து ‘ஓதாந்திசித்தே’ என்ற பெயரில் சொந்தப் பண்பாட்டுக்குத் திரும்பும் கொள்கை வந்தது. கிறிஸ்தவப் பெயர்கள் கைவிடப்பட்டன, மேற்கத்தியக் கோட்டும் டையும் விலக்கப்பட்டன, உள்ளூர் இசை தேசிய மானத்தின் அடையாளம் ஆக்கப்பட்டது. கட்சி விழாக்களில் பாடுவதற்குக் குழுக்கள் அழைக்கப்பட்டன. கிட்டார், ஒலிபெருக்கி, பயணச் செலவு ஆகியவை அரசிடமிருந்து வந்தன. 1973இல் சீனாவுக்கும் அடுத்த ஆண்டு வட கொரியாவுக்கும் சென்று திரும்பிய மொபுட்டு, அங்கே பார்த்த பெருந்திரள் கூட்டு நடனங்களைத் தம் நாட்டிலும் ‘அனிமாசியோன்’ என்ற பெயரில் பரப்பினார். அலுவலக ஊழியர்களும் மாணவர்களும் வேலையை விட்டுவிட்டு வரிசையாக நின்று, தேவாலயப் பாட்டின் மெட்டிலும் நாட்டார் மெட்டிலும் தலைவரின் பெயரை ஏற்றிப் பாடி ஆட வேண்டியிருந்தது. தொலைக்காட்சியின் மாலைச் செய்தி, மேகங்களுக்கு நடுவிலிருந்து மொபுட்டுவின் முகம் இறங்கி வரும் காட்சியோடு தொடங்கியது.

உலகின் கண்ணில் பட வேண்டும் என்ற ஆசைக்கும் இசை பயன்பட்டது. முகமது அலி – ஜார்ஜ் ஃபோர்மன் குத்துச்சண்டைக்காக மொபுட்டுவின் அரசு இருவருக்கும் தலா 50 லட்சம் டாலர் உறுதியளித்தது. அதையொட்டி 1974 செப்டம்பர் 22 முதல் 24 வரை ஹியூ மசகேலாவும் ஸ்டூவர்ட் லெவினும் ஏற்பாடு செய்த ‘ஜாயிரே 74’ விழாவில் ஜேம்ஸ் பிரவுன், பி.பி. கிங், மிரியம் மக்கேபா, சேலியா குரூஸ் ஆகியோருடன் உள்ளூர்ப் பாடகர்களான ஃப்ராங்கோவும் தாபு லே ரோஷெரோவும் மேடை ஏறினார்கள். ஃபோர்மனின் கண்ணருகே ஏற்பட்ட காயத்தால் சண்டை அக்டோபர் 30க்குத் தள்ளிப்போக, விழா தனியே நடந்து முடிந்தது. அந்த மேடையில் ஆப்பிரிக்கக் கலைஞர்கள் வழங்கிய இசை தனித் தொகுப்பாக வெளிவந்தது 2017இல்தான். சொந்த மண்ணில் நடந்த விழாவில் பாடியதைத் தட்டில் கேட்க 43 ஆண்டுகள் ஆயின என்பது, அந்த விழா யாருக்காக நடத்தப்பட்டது என்ற கேள்வியை எழுப்பத்தான் செய்கிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது, அதிகம் பேசப்படாத ஒரு சொத்து மாற்றம். 1973 நவம்பர் 30 அன்று மொபுட்டு, அந்நியர் கையிலிருந்த கடைகள், தோட்டங்கள், சிறு ஆலைகள் பலவற்றை ஜாயிரே நாட்டவருக்கு மாற்றும் ஆணையை அறிவித்தார். யாருக்கு எது என்பதைத் தீர்மானித்தது ஆட்சியாளரின் தயவு. பெல்ஜியர் வசம் இருந்த இசைத்தட்டு அச்சு ஆலையான ‘மசாடிஸ்’ ஃப்ராங்கோவிடம் வந்தது. நாட்டின் முன்னணிக் கலைஞர், இசைக் கலைஞர் சங்கத்தின் தலைவர், தட்டு அச்சிடும் ஆலையின் அதிபர் ஆகிய மூன்று பொறுப்புகளும் ஒரே மனிதரிடம் சேர்ந்தன. தங்கள் தட்டுகள் வரிசையில் காத்திருக்க, அவருடைய தட்டுகள் முந்திக்கொண்டு வெளிவருவதாக மற்றக் கலைஞர்கள் குறைப்பட்டார்கள். ஆனால் ஃப்ராங்கோவும் சுதந்திரமாக இல்லை. ஆணையால் வந்த சொத்து ஆணையால் போகும். துதிப் பாட்டுக்கு நேரடியாகக் காசு கொடுக்கத் தேவையில்லாத நிலையை இந்த ஏற்பாடு உருவாக்கியது. பாடகரின் பிழைப்பு முழுவதும் ஒரே மனிதரின் மனநிலையைச் சார்ந்திருக்கும்போது, என்ன பாட வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஏற்பாடும் நீடிக்கவில்லை. 1974இல் செம்பின் உலகச் சந்தை விலை சரிந்தது. செம்பை நம்பியிருந்த நாட்டில் அந்நியச் செலாவணி வறண்டது. இறக்குமதியாக வேண்டிய மூலப்பொருளும் உதிரிப் பாகங்களும் கிடைக்காமல் போக, அச்சு ஆலை நொடித்தது. 1980களில் ஃப்ராங்கோ தம் பாடல்களைப் பிரஸ்ஸல்ஸிலும் பாரிஸிலும் பதிவுசெய்துகொண்டிருந்தார். உள்ளூர்ச் சந்தையைக் கள்ள கேசட்டுகள் நிரப்பின. நாடு முழுவதும் ஒரு பாட்டைப் பாடும், பாடகருக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது என்ற நிலை அப்போது நிலைபெற்றுவிட்டது.

இத்தனை நெருக்கடிக்குள்ளும் ஃப்ராங்கோ வாயை முழுவதும் மூடிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1978இல் அவரைச் சிறைக்கு அனுப்பிய வழக்கை நடத்தியவர் அப்போதைய தலைமை அரசு வழக்கறிஞர் கெங்கோ வா தொண்டோ. 1981இல் வெளிவந்த ‘தையூர்’ பாடல், ஊசியைப் பறிகொடுத்த ஒரு தையல்காரரைப் பார்த்து இனி எதை வைத்துத் தைப்பாய் என்று கேட்கிறது. பதவி கைநழுவிய கெங்கோவைத்தான் அது குறிக்கிறது என்று கின்ஷாசா முழுவதும் புரிந்துகொண்டது. மேலே இருப்பவரைத் தொடாமல் அவருக்குக் கீழே உள்ளவரைச் சீண்டும் இந்தச் சலுகையை, ஆட்சி தெரிந்தே விட்டுவைத்திருக்கலாம். 1989 அக்டோபர் 12 அன்று ஃப்ராங்கோ பெல்ஜியத்தில் இறந்தபோது, அரசு நான்கு நாள் தேசிய துக்கம் அறிவித்தது.

பெயருக்கு ஒரு விலை

1990 ஏப்ரலில் மொபுட்டு ஒரு கட்சி ஆட்சியின் முடிவை அறிவித்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் சம்பளமில்லாச் சிப்பாய்கள் தொடங்கிய கொள்ளை கின்ஷாசாவின் கடைகளையும் ஆலைகளையும் சூறையாடியது. கலைஞர்களைத் தாங்க அரசிடம் பணம் இல்லை. இசைத்தட்டுத் தொழில் ஏற்கெனவே விழுந்துவிட்டது. இந்த வெற்றிடத்தில்தான் முன்பே சிறு அளவில் இருந்த ‘லிபாங்கா’ ஒரு தொழிலாக வளர்ந்தது. பணம் பெற்றுக்கொண்டு பாட்டுக்குள் ஒருவரின் பெயரைச் சொல்வதுதான் லிபாங்கா. பன்மையில் ‘மபாங்கா’ என்பார்கள்.

அது எப்படி நடக்கிறது என்பதைப் பாட்டின் அமைப்பை வைத்தே பார்க்கலாம். காங்கோவின் நடனப் பாட்டு மெதுவான பகுதியில் தொடங்கும். இரண்டு மூன்று குரல்கள் இணைந்து காதல் தோல்வியையோ துரோகத்தையோ பாடும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே, மெட்டு கெடாமல், ஒரு பெயர் வந்து விழும். பிறகு கிட்டார்கள் வேகம் பிடிக்க, ‘செபென்’ என்ற ஆட்டப் பகுதி தொடங்கும். இங்கே முன்னால் வருபவர் ‘அட்டலாக்கு’. பூச்சிமருந்து டப்பாவில் செய்த கிலுகிலுப்பையைக் குலுக்கியபடி ஆட்ட அடவுகளைக் கூவிச் சொல்பவர் இவர். 1980களின் தொடக்கத்தில் ஜாயிக்கோ லங்கா லங்கா குழுவில் தொடங்கிய இந்தப் பாத்திரம், பத்தாண்டுகளுக்குள் எல்லாக் குழுவிலும் இன்றியமையாததாகிவிட்டது. அவர் கூவும் அடவுகளுக்கு நடுவே பெயர்கள் அடுக்கடுக்காக வரும்: அமைச்சர், தளபதி, வைர வியாபாரி, கால்பந்து சங்கத் தலைவர், பாரிஸில் விலையுயர்ந்த உடை உடுத்தித் திரியும் இளைஞர், லுவாண்டாவில் பணம் சேர்த்தவர். பாடகரின் புகழையும் வாங்குபவரின் நிலையையும் பொறுத்து விலை. பெரிய புரவலருக்கு முழுப் பாட்டே அவர் பெயரில் அமையும். வாங்க வந்தவர்கள் பெருகப் பெருகப் பாட்டுகளும் நீண்டன. ஆட்டப் பகுதி வளர்ந்தது, கதை சொல்லும் பகுதி சுருங்கியது.

பெயரை வாங்குபவருக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். வங்கி, நீதிமன்றம், செய்தித்தாள் எதையும் நம்ப முடியாத ஒரு நகரத்தில், ஒரு மனிதர் யார், எவ்வளவு செல்வாக்கு உள்ளவர் என்பதைப் பறைசாற்றும் பொதுவெளி பாட்டுதான். சவ ஊர்வலத்திலும் திருமண வீட்டிலும் பேருந்திலும் ஒலிக்கும் பாட்டில் பெயர் வந்தால் ஊர் முழுவதும் அறியும். அரசியல்வாதிக்கு அது தேர்தல் விளம்பரம், வியாபாரிக்கு நாணயத்துக்குச் சான்று. கூச்சத்தோடு கள்ளத்தனமாக நடக்கும் லஞ்சமாக இதைக் காண்பது தவறு. எல்லாரும் அறிய நடக்கும் கொடுக்கல் வாங்கல் இது. அதனாலேயே கேட்பவர்களும் எந்தப் பெயர் அன்பால் வந்தது, எது காசால் வந்தது என்று பிரித்தறியக் கற்றுவைத்திருக்கிறார்கள்.

இதே காலத்தில் பீர் ஆலைகளும் புது வேகத்துடன் களத்தில் இறங்கின. 1997 இறுதியில் வெங்கே மூசிக்கா குழு இரண்டாக உடைந்தது. ஒரு பிரிவுக்கு வெராசோனும் மறு பிரிவுக்கு ஜே.பி. ம்பியானாவும் தலைவர்கள். ஹைனெகென் குழுமத்தைச் சேர்ந்த ப்ரலிமா வெராசோனைத் தன் ப்ரிமஸ் பீருக்காகப் பிடித்துக்கொள்ள, பிரெஞ்சுக் காஸ்தெல் குழுமத்தின் ப்ரகோங்கோ தன் ஸ்கோல் பீருக்காக ம்பியானாவைச் சேர்த்துக்கொண்டது. மேடை, ஒலி அமைப்பு, வாகனம், விளம்பரப் பலகை எல்லாம் ஆலையின் செலவு. ரசிகர்களுக்குள் நிகழ்ந்த மோதல் இரு ஐரோப்பிய நிறுவனங்களின் சந்தைப் போட்டியோடு ஒன்றாகக் கலந்துவிட்டது. பாடகர்களின் பகை தணிந்திருந்தால் ஆலைகளுக்கு நஷ்டம் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பகை ஏன் அத்தனை காலம் நீடித்தது என்பதற்கு ஒரு காரணமாவது விளங்கும்.

பாரிஸ் வாசலில்

1997 மே மாதத்தில் மொபுட்டு வீழ்ந்தார். லொரான் கபிலாவும், 2001இல் அவர் கொல்லப்பட்ட பிறகு மகன் ஜோசஃப் கபிலாவும் ஆட்சிக்கு வந்தார்கள். புலம்பெயர்ந்திருந்த தாபு லே நாடு திரும்பி அரசுப் பதவிகளை ஏற்றார். பின்னர் கின்ஷாசாவின் துணை ஆளுநரும் ஆனார். 2006 தேர்தலிலும் 2011 தேர்தலிலும் முன்னணிப் பாடகர்கள் பலர் ஆட்சியாளருக்காகப் பாடினார்கள்.

அதற்கு எதிர்வினை வந்தது ஐரோப்பாவிலிருந்து. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், லண்டன் நகரங்களில் வாழும் காங்கோ மக்களில் தங்களைப் ‘போராளிகள்’ என்று அழைத்துக்கொண்ட குழுக்கள், கபிலாவுக்குப் பாடியவர்களை இங்கே பாட விடமாட்டோம் என்று அறிவித்து, அரங்க வாசல்களை மறித்தன. நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாயின. 2017 ஜூனில் காங்கோ பாடகர் ஃபாலி இபுபாவின் பாரிஸ் நிகழ்ச்சியைக் காவல் துறையே தடை செய்தது. 2020 பிப்ரவரி 28 அன்று அவர் பாரிஸின் பெர்சி அரங்கில் பாடியபோது, அருகிலிருந்த லியோன் ரயில் நிலையப் பகுதியில் வாகனங்கள் எரிந்தன.

இந்தப் புறக்கணிப்பின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. சொந்த ஊரில் வாக்குச் சீட்டால் எதையும் மாற்ற முடியாதவர்கள், தங்களுக்குக் கிடைத்த ஒரே பிடியைப் பிடித்தார்கள். ஆனால் அதன் விளைவை இரு பக்கமும் பார்க்க வேண்டும். யூரோவில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பாட்டுக்கு நேரடியாகப் பணம் தந்த ஒரே பெரிய ரசிகர் கூட்டம் இந்தப் புலம்பெயர்ந்தோர்தான். அந்த வாசல் சுமார் பத்தாண்டுகள் அடைபட்டபோது, பாடகர்கள் எங்கிருந்து தப்பிக்க வேண்டுமோ அந்த இடத்துக்கே, அதாவது கின்ஷாசாவின் புரவலர்களிடமும் பீர் ஆலைகளிடமும் அரசியல்வாதிகளிடமும், இன்னும் இறுக்கமாகத் திரும்பத் தள்ளப்பட்டார்கள். துதிப் பாட்டைத் தண்டிக்க எடுத்த ஆயுதம், துதிப் பாட்டைத் தவிர வேறு வருமானம் இல்லாத நிலையை வலுப்படுத்தியது. முன்பு லிபாங்கா வாங்கியவர்களில் கணிசமானோர் இதே ஐரோப்பிய நகரங்களில் வாழ்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குற்றத்தைப் பாடகர் ஒருவர் தலையில் மட்டும் சுமத்துவது எவ்வளவு எளிதோ அவ்வளவு போதாது என்பது தெரியும்.

தணிக்கையும் அங்கீகாரமும்

2019 ஜனவரியில் ஃபெலிக்ஸ் ஷிசெகெடி அதிபரானார். ஆள் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. கபிலாவின் ஆதரவாளராக அறியப்பட்ட மூத்த பாடகி ஷாலா முவானா, 2020 நவம்பரில் ‘நன்றிகெட்டதனம்’ என்று பொருள்படும் பாடலை வெளியிட்டார். அதில் யாருடைய பெயரும் இல்லை. புதிய அதிபரையே அது குறிக்கிறது என்று கருதப்பட்டதால் அவர் கைது செய்யப்பட்டு, மறுநாள் விடுவிக்கப்பட்டார். 1960களில் ஃப்ராங்கோவின் பழங்கதைப் பாட்டுக்கு நேர்ந்தது அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து ஒரு பெண் கலைஞருக்கும் நேர்ந்தது.

2021 நவம்பரில் தணிக்கை ஆணையம் ‘நினி தோசாலி தே’ என்ற பாடலை ஒலிபரப்பக் கூடாது என்றது. பாடியவர்கள் எம்.பி.ஆர். என்ற இளைஞர் குழுவினர். மொபுட்டுவின் ஒரே கட்சியின் பெயர்ச் சுருக்கத்தையே தங்கள் பெயராக எடுத்துக்கொண்டவர்கள். நாங்கள் எதைத்தான் செய்யவில்லை என்று, ஒவ்வொரு ஆட்சிக்கும் உழைத்தும் வாக்களித்தும் ஏமாந்த மக்களின் குரலில் அந்தப் பாட்டு கேட்கிறது. அதில் புரவலர் பெயர்கள் இல்லை, பீர் ஆலை இல்லை. அது கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் ஓரிரு நாளில் தடை விலகியது. முன்கூட்டியே பணம் போட்ட எவரும் இல்லாததால், யாரையும் அழைத்து மிரட்டிப் பாட்டைத் திரும்பப் பெற வைக்க முடியவில்லை என்பதே இந்த நிகழ்வில் நான் காணும் முக்கியமான மாற்றம்.

அடுத்த மாதம், டிசம்பர் 14 அன்று, இரு காங்கோ நாடுகளும் சேர்ந்து முன்மொழிந்த காங்கோ ரும்பாவை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அமைச்சர்கள் வாழ்த்துச் செய்தி வெளியிட்டார்கள். 2024இல் மூத்த பாடகர் கோஃபி ஒலோமிடே செனட் தேர்தலில் வேட்பாளராக நின்றார். அதே ஆண்டு ஜூலையில், கிழக்குப் பகுதிப் போரில் நாட்டு ராணுவத்தின் நிலை குறித்து அரசுத் தொலைக்காட்சியில் அவர் பேசிய பேச்சுக்காக ஊடக ஒழுங்காற்று அமைப்பு அவரை விளக்கம் கேட்டு அழைத்தது.

பதிப்புரிமைத் தொகையை வசூலித்துக் கலைஞர்களுக்குப் பிரித்துக்கொடுக்க வேண்டிய அமைப்பு கின்ஷாசாவில் மொபுட்டு காலத்திலிருந்தே இருக்கிறது. பழையது கலைந்து இப்போது வேறு பெயரில் இயங்குகிறது. ஒவ்வொரு மதுக்கடையும் வானொலியும் தொலைக்காட்சியும் தான் ஒலிக்கவிடும் பாட்டுக்குச் செலுத்த வேண்டிய தொகையை அது முறையாக வசூலித்துப் பிரித்தால், ஒரு பாடகர் அமைச்சரின் பெயரைச் சொல்லாமலும் அடுத்த பாட்டைப் பதிவுசெய்ய முடியும். ரும்பாவைப் பாதுகாப்போம் என்று யுனெஸ்கோவிடம் கையெழுத்திட்ட அரசு முதலில் கை வைக்க வேண்டிய இடம் அந்த வசூல் அலுவலகம்தான்.